கவிழ்த்துப் பார்க்கிற மதினி

எங்கள் மதினியை அறிந்தவர்கள் அவருக்குத் தேநீர் கொடுக்கும்போது கோப்பையைப் பாதிக்குமேல் நிறைக்க மாட்டார்கள். நிறைத்துக் கொடுத்தால் அது அவர் துப்பட்டியிலோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மடியிலோதான் போய்ச் சேரும். கோப்பை கைக்கு வந்ததும் அவர் செய்கிற முதல் காரியம், அதைத் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்ப்பது. எந்த ஊர்ச் சாமான், அடியில் முத்திரை இருக்கிறதா, இருக்கிற முத்திரை நிஜமா, இவ்வளவும் தெரிந்த பிறகுதான் தேநீர் தொண்டையில் இறங்கும். அடுத்த வீட்டு டோ மியா என்ற பர்மியப் பெண்மணி முதல் தடவை இதைப் பார்த்தபோது, தேநீரில் ஏதோ விழுந்து கிடக்கிறது என்று பதறிப்போய் வேறு கோப்பை கொண்டுவந்தார். மதினி அதையும் தூக்கிப் பார்த்தார்.

மதினி என் கணவரின் அக்கா. ரங்கூனில் மொகல் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் எங்களுக்குப் பீங்கான் கடை இருந்தது. கீழே கடை, மேலே வீடு. அந்த நாளில் எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் பெண்டுபிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுத்தான் கப்பலேறுவார்கள். எங்கள் மாமனார் குடும்பத்தோடு வந்து குடியேறியவர். அதனால் நானும் கல்யாணமான கையோடு கடல் தாண்டி வந்து சேர்ந்தேன். துறைமுகத்திலிருந்து குதிரை வண்டியில் வந்து இறங்கி, வாந்தியெடுத்த வாயோடு, எப்போது படுக்கலாம் என்று நின்ற என்னை மதினி ஏற இறங்கப் பார்த்தார். ‘வாம்மா’ என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“இங்க பாரு புள்ளே, எந்தம்பி நல்லவன். ஆனா கோவக்காரன். கொறட்ட விடுவான். வெளியில சிரிக்கச் சிரிக்கப் பேசுவான், வூட்டுக்கு வந்தா வாயத் தொறக்க மாட்டான். பொண்ணு கேட்டு வந்தவுங்க இதெல்லாம் சொல்லிருக்க மாட்டாங்க. நான் சொல்லிட்டேன். போயி மூஞ்சியக் கழுவு.”

என் கணவர் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னால்தான் நின்றார். அவர் முகம் எப்படிப் போயிற்று என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மதினி சொன்னதெல்லாம் அச்சுப் பிசகாமல் சரியாக இருந்தது. முன்கூட்டியே தெரிந்துபோனதால் எனக்கு அதிலெல்லாம் பெரிய வருத்தமும் உண்டாகவில்லை. குறட்டை மட்டும் அவர் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகம்.

ஆள் ஒல்லி. நல்ல உயரம். வலது கைச் சுண்டுவிரல் நகத்தை மட்டும் வெட்ட மாட்டார். தட்டு, கோப்பை, ஜாடி எதுவானாலும் அந்த நகத்தால் ஒரு சுண்டு சுண்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியுமுன் அவர் காதுக்குத் தெரிந்துவிடும். நகம் வளர்ப்பது ஆகாது என்று யாராவது பெரிய மனுஷி எடுத்துச் சொன்னால், “அல்லாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீங்க ஒங்க கணக்கப் பாருங்க” என்பார். மரப்பெட்டிகளில் வைக்கோல் சுற்றி வரும் சாமான்களை, கடைக்குப் பின்னால் திரை போட்ட அறையில் உட்கார்ந்து அவர்தான் பிரிப்பார். தும்மிக்கொண்டே பிரிப்பார். தலைமயிரிலெல்லாம் வைக்கோல் துணுக்கு ஒட்டியிருக்கும்.

அந்தத் திரைதான் என் கணவருடைய தீராத தலைவலி. ஒரு நாள் ஒரு துரை வீட்டுப் பட்லர் வந்து இங்கிலீஷ் தேநீர்ச் செட் வேண்டுமென்று கேட்டான். என் கணவர் ஒன்றை எடுத்து வைத்து, பூவைக் காட்டி, தங்கக் கோட்டைக் காட்டி, சீமையிலிருந்து நேற்றுத்தான் இறங்கியது என்று அளந்துகொண்டிருந்தார். பட்லர் பையைத் திறக்கப்போன நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“தம்பி, அது ஜப்பான்.”

பட்லர் போய்விட்டான். என் கணவர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். “ஏன்க்கா, ஒங்களுக்கு என்ன கேடு? அவன் கேட்டானா ஒங்கள?”

“அவன் ஒங்கிட்டத்தானே கேட்டான். நீ தப்பாச் சொன்னே. தெரியாமச் சொல்றியோன்னு நெனச்சேன்” என்றார் மதினி. அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. தம்பி தெரியாமல்தான் சொல்லியிருப்பான் என்று உண்மையிலேயே நம்பினார். என் கணவர் அன்று பகல் சாப்பாட்டுக்கு மாடியேறவில்லை. மறு வாரம் அதே பட்லர் திரும்பி வந்தான். இந்தக் கடையில் நம்பி வாங்கலாம் என்று துரைசானி சொல்லி அனுப்பினாளாம். அதை என் கணவர் கடைசிவரை வாய்விட்டு ஒப்புக்கொண்டதில்லை.

மதினி இப்படி ஆனதற்கு அவருடைய புருஷன்தான் காரணம் என்று பேசிக்கொள்வார்கள். அந்த மனுஷருக்குப் பினாங்கில் முன்னமே ஒரு குடும்பம் இருந்தது, அது கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது, மகள் மரியத்தை மடியில் போட்டுக்கொண்டு மதினி தம்பி வீட்டோடு வந்துவிட்டார். இவ்வளவும் நிஜம். ஆனால் அதனால்தான் அவர் எதையும் கவிழ்த்துப் பார்க்கிறார் என்பது வீட்டில் வேலையில்லாதவர்கள் கட்டிய கதை. சின்னப் பிள்ளையில், கடற்கரையில் ஊர்ந்துகொண்டிருந்த ஆமையைப் புரட்டிப் போட்டு அடியைப் பார்த்து, மீனவர்களிடம் ஏச்சு வாங்கினவர் அவர். இதை அவரைப் பெற்ற தாயே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சிலர் பிறக்கும்போதே அப்படித்தான் பிறக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு புருஷனைக் காரணம் காட்ட வேண்டியதில்லை.

அவர் வாய்க்குப் பயந்து ஒதுங்கிப் போனவர்கள் உண்டு. நான் ஏன் ஒதுங்கவில்லை என்று சொல்ல வேண்டும். எனக்கு முதலில் தங்கிய கரு நிலைக்கவில்லை. தெருவிலுள்ள பெண்களெல்லாம் வந்து பார்த்தார்கள். ‘அழாதே, அடுத்தது ஆம்பளப்புள்ள’, ‘வயசு இருக்கு, இதெல்லாம் சட்டுனு மறந்துபோகும்’ என்று ஆளுக்கொன்று சொல்லிப் போனார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஒவ்வொருவர் போன பிறகும் எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எல்லோரும் போன பின் மதினி கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“வலிக்கும் புள்ளே” என்றார். “ரொம்ப நாளைக்கு வலிக்கும். மறந்துரும்னு சொல்றாங்களே, மறக்காது. கஞ்சியக் குடி.”

அன்றுதான் எனக்கு அழுகை முழுதாக வந்தது. அழுது முடித்துக் கஞ்சியைக் குடித்தேன். அதற்குப் பிறகு அவர் யாரை என்ன சொன்னாலும் நான் அவர் பக்கம்தான்.

இனி அந்தச் சஹன் விஷயத்துக்கு வருகிறேன். சஹன் என்றால் எங்களில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. கல்யாணம், காட்சி என்றால் சஹன் சாப்பாடுதான். அவரவர் பக்கத்துச் சோற்றை அவரவர் எடுத்துச் சாப்பிட வேண்டும், நடுவில் இருக்கும் கறியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரு சஹனில் கை வைத்துவிட்டால் அப்புறம் அந்நியம் கிடையாது. சம்பந்தம் பேசி முடிக்கிற நாளில் இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே சஹனில் உட்காருவது அதற்காகத்தான்.

மரியத்துக்குப் போட்டாதாங்கிலிருந்து சம்பந்தம் வந்தது. ரங்கூனிலேயே ஆற்றோரத்தில் அரிசிக் கிடங்கு வைத்திருந்தவர்கள். மாப்பிள்ளை காசிம் எங்கள் கடைக்கு அடிக்கடி வந்து கோப்பை வாங்குவான். ஒரு வீட்டுக்கு எதற்கு இத்தனை கோப்பை என்று என் கணவர் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் மரியமும் உட்கார்ந்து வைக்கோல் பிரிக்கிறாள் என்பது அவருக்கு உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. மரியம் என்னிடம் ஒளிக்கவும் இல்லை. “அவுங்களத் தவிர வேற யாரையும் பேசாதீங்க மாமி” என்று என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள்.

காசிமின் உம்மா கண்ணியமான மனுஷி. அவருடைய வாப்பா இளம்வயதில் கப்பல்களில் ஓடித் திரிந்தவர். இஸ்தாம்பூலிலிருந்து அவர் ஒரு சஹன் கொண்டுவந்திருந்தார். சுல்தானுடைய அரண்மனைச் சமையல்கட்டில் இருந்த சாமான் என்று சொல்லித்தான் அவருக்குக் கொடுத்தார்களாம். கிலாபத்துக்காக ஊரெல்லாம் கூட்டம் போட்டு அழுத நாட்களில் அந்தச் சஹனைப் பார்க்கவே ஜனங்கள் போட்டாதாங்குக்குப் போய் வந்தார்கள். பிறகு துருக்கிக்காரர்களே கலீபாவை நாட்டைவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. சுல்தானும் போய், கலீபாவும் போன பிறகு, அந்த வீட்டில் அந்தச் சஹனுக்கு மதிப்பு முன்னைவிட ஏறிவிட்டது. சம்பந்தம் பேசும் நாளில் மட்டும்தான் அதில் சோறு போடுவார்கள்.

இதைக் கேட்டதும் மரியம் ஓடிவந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உம்மா, அங்க போயி அதக் கவுத்திப் பாக்கக் கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணிக் கொடுங்க.”

“சோறு போட்ட சஹன எவளாச்சும் கவுத்துவாளா? எனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு?” என்றார் மதினி. சத்தியமும் செய்து கொடுத்தார். செய்து கொடுத்ததைக் காப்பாற்றவும் செய்தார். அதை நான் யார் முன்னாலும் சொல்வேன்.

அந்த வீட்டு மாடியில் பாய் விரித்து, அந்தச் சஹனைச் சுற்றி மாப்பிள்ளையின் உம்மா, அவருடைய நாத்தனார், மதினி, நான் என்று நாலு பேர் உட்கார்ந்தோம். மற்றப் பெண்கள் வேறு சஹன்களில் உட்கார்ந்திருந்தார்கள். நெய்ச்சோறு மலை மாதிரி குவிந்திருந்தது. கவிழ்ப்பது இருக்கட்டும், தட்டின் விளிம்புகூடக் கண்ணில் படவில்லை. மதினி நல்ல பிள்ளையாகத் தன் பக்கத்துச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நிம்மதியாக ஒரு துண்டு இறைச்சியை எடுத்து வாயில் போட்டேன்.

நாங்கள் மறந்துபோன விஷயம் ஒன்று இருந்தது. சோறு குறையக் குறையச் சஹன் தெரிய ஆரம்பிக்கும். முதலில் விளிம்பு தெரிந்தது. வெள்ளையில் நீலமும் கறுப்புமாகச் சுருள் சுருளாக ஓடியது. பிறகு நடுவில் நீலத் திராட்சைக் குலைகள், கொடி, இலை. அழகென்றால் அப்படியொரு அழகு. மதினியின் கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது. கண் அந்த விளிம்பை விட்டு நகரவில்லை. நான் முழங்கையால் அவரை இடித்தேன். அவருக்கு உணர்வில்லை.

மாப்பிள்ளையின் உம்மா பெருமையோடு கேட்டார்: “என்னா அப்படிப் பாக்குறீங்க? திராட்சையத்தானே?”

“இல்லீங்க, ஓரத்தப் பாக்குறேன். எங்க கடைக்கு வர்ற சீனத் தட்டுல அலையும் பாறையும் போட்டிருப்பான். இது அத மாதிரியே இருக்கு.”

“அப்படின்னா?”

“சீனத்துச் சாமானா இருக்குமோன்னு தோணுது.”

மற்றச் சஹன்களிலும் கைகள் நின்றுவிட்டன. மாப்பிள்ளையின் உம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகம் வெளுத்துப்போய், “எங்க வாப்பா பொய் சொன்னாருங்குறீங்க” என்று மட்டும் சொல்லி எழுந்து கை கழுவப் போய்விட்டார். பேச்சு முடியவில்லை. தேதி குறிக்கவில்லை. நாங்கள் வெற்றிலைகூடப் போடாமல் திரும்பினோம். வீட்டில் மரியம் எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் மாப்பிள்ளையின் உம்மாவே வந்தார். தூது அனுப்பாமல் நேரில் வந்தார் பாருங்கள், அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

“எம் மவன் நேத்துலேருந்து சாப்பிட மாட்டேங்குறான். அதுக்காகத்தான் வந்தேன்” என்றார். “வெள்ளிக்கெழம ஜும்மாவுக்குப் பொறவு அதே பொம்பளைங்கள வரச் சொல்றேன். அவுங்க முன்னால, நான் சொன்னது தப்பு, இது துருக்கிச் சஹன்தான்னு நீங்க சொல்லணும். சொன்னா கல்யாணம். இல்லேன்னா நாங்க வேற எடம் பாத்துக்குறோம். செத்துப்போன மனுசன் பேரக் கெடுத்துக்கிட்டு எனக்குச் சம்பந்தம் வேணாம்.”

“எனக்குத் தெரியாதத நான் எப்படிங்க சொல்லுறது?” என்றார் மதினி. கெஞ்சுகிற குரலில் அவர் பேசி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். “ஒரு தடவ அதக் கவுத்திப் பாக்க விடுவீங்களா?”

“பாத்துக்குங்க. எங்களுக்கென்ன பயம்” என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளையின் உம்மா இறங்கிப் போனார்.

மரியம் அறையிலிருந்து வெளியே வந்தாள். “உம்மா, அடியில என்ன இருந்தாலும் துருக்கின்னு சொல்லிடுங்க. ஒரே ஒரு வார்த்த. எனக்காகச் சொல்லக் கூடாதா?” மதினி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இடித்த வெற்றிலையை உரலிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

எங்களுக்குச் சீனத்துச் சாமான் கொண்டுவந்து போடுகிறவள் மா சேன். வாப்பா சீனர், உம்மா பர்மாக்காரி. தமிழ், பர்மியம் எல்லாம் கலந்து பேசுவாள். மதினியை ‘அமா’ என்று கூப்பிடுவாள், பர்மியத்தில் அக்கா. வியாழக்கிழமை காலையில் அவள் வந்தபோது மதினி விவரமெல்லாம் சொல்லி, தேநீரில் விரலைத் தோய்த்து, பலகைத் தரையில் அந்தச் சஹனின் விளிம்பைப் போட்டுக் காட்டினார். ஒரு தடவை பார்த்ததுதான், ஒரு சுருள்கூட விட்டுப்போகவில்லை. மா சேன் குனிந்து பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

“அமலே! அமா, இது லாயிங் இல்லே. கயு! கயு!”

லாயிங் என்றால் அலை. கயு என்றால் நத்தை. மதினிக்கும் எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மா சேன் தன் விரலைத் தேநீரில் தோய்த்துப் பக்கத்தில் வேறொன்று போட்டாள். தண்ணீர் எழும்பி வந்து, பாறையில் மோதி, நுரையாகச் சிதறியது. அதைப் பார்த்துவிட்டு மதினி போட்டதைப் பார்த்தால் எனக்கே தெரிந்தது. அதில் தண்ணீர் ஓடவில்லை. பாறை இருக்க வேண்டிய இடத்தில் பாறையும் இல்லை. வெறும் சுருள்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

“நம்ம ஆள் இப்டிப் போட மாட்டான் அமா. சின்னதுலேருந்து கை பழகி இருக்கும். இது யாரோ நம்ம தட்டப் பாத்துப் பாத்துப் போட்டது. அலைன்னே அவனுக்குத் தெரியாது.” சொல்லிவிட்டு அவளுக்குத் திடீரென்று பெருமை வந்துவிட்டது. “அப்போ துருக்கி ராசா வூட்டுல நம்ம தட்டு இருந்துருக்கு!”

மதினி வெகுநேரம் அந்த இரண்டு ஈரக் கோடுகளும் காய்ந்து போகிறவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அதே மாடி, அதே பெண்கள். சஹனைக் கழுவித் துடைத்து ஒரு தலையணையின் மேல் வைத்திருந்தார்கள். மதினி பிஸ்மி சொல்லி இரண்டு கையாலும் எடுத்தார். கவிழ்த்தார். அடிவட்டத்தில் பூச்சு ஏறாமல் விட்டுப்போன இடத்தை விரலால் தடவினார். பிறகு சுண்டுவிரல் நகத்தால் சுண்டினார். சீனப் பீங்கான் என்றால் மணி மாதிரிப் பேசும். இது மந்தமாக ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிட்டது. மதினி இன்னொரு தடவை சுண்டினார். பிறகு சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“நான் சொன்னது தப்பு” என்றார் மதினி. “இது சீனத்து மண்ணு இல்ல. சீனத்தான் கையும் இல்ல. துருக்கியில செஞ்சதுதான். ஒங்க வாப்பா பொய் சொல்லல.”

மாப்பிள்ளையின் உம்மாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. மதினியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “இந்தத் திராட்ச சொர்க்கத்துத் திராட்சைங்க. அரமனைச் சித்திரக்காரன் கனவுல கண்டு, முழிச்சதும் அப்படியே வரைஞ்சதாம். எங்க வாப்பா சொல்லிச் சொல்லி அழுவாரு. ஒலகத்துல வேற எங்கயும் இப்படிக் கெடையாதாம்” என்றார்.

மதினியின் வாய் திறந்தது. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அவருடைய துப்பட்டியைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். அவர் திரும்பவில்லை. திறந்த வாய் திறந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு, “குடிக்கத் தண்ணி கொடுங்க” என்றார். சொம்பைத் தூக்கி அண்ணாந்து, நிறுத்தாமல், முழுவதையும் குடித்து முடித்தார்.

வண்டி ஸ்ட்ராண்ட் ரோட்டில் திரும்பியதும் என் தொடையைத் தட்டினார்.

“மீதிய ஒங்கிட்டச் சொல்லிடுறேன் புள்ளே. இல்லேன்னா எனக்குச் சோறு எறங்காது. அந்தத் திராட்சையும் சீனத் தட்டப் பாத்துப் போட்டதுதான். மா சேன் வூட்டுல ஒடஞ்ச தட்டு ஒண்ணு இருக்கு, அவ பாட்டன் காலத்துக்கும் முந்தினது. அதுலயும் நடுவுல இதே மூணு கொல, இதே கொடி. கனவுமில்ல, சொர்க்கமுமில்ல.”

“அது ஒண்ணும் தப்பில்லையே மதினி” என்றேன்.

“தப்பே இல்ல! அதுதானே எனக்கு ஆத்தரம். எம்புட்டு நல்ல சங்கதி அது. ஊரு தெரியாது, பாஷ தெரியாது. ஒரு தட்டு மேல ஆசப்பட்டு, இதப் போல ஒண்ணு நம்ம கையாலயும் செஞ்சுரணும்னு எவனோ ஒருத்தன் ஒக்காந்துருக்கான். அலைய அலைன்னு தெரியாமலே எம்புட்டு அழகா வரைஞ்சிருக்கான். அந்தம்மாகிட்ட அதச் சொன்னா நெஞ்சு ஒடஞ்சு போயிருவாங்க. எதுக்கு ஒடயணும்? சொர்க்கத்துலேருந்து வந்தாத்தான் ஒசத்தியா?” அன்றைக்கு அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லைதான். ஆனாலும் அவர் வாயில் ஒரு பேச்சு பாதியோடு நின்றுபோனதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு மரியத்தை நினைத்துச் சந்தோஷமாக இருந்தது, மதினியை நினைத்துத் துக்கமாக இருந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. மரியம் போட்டாதாங் போய்ச் சேர்ந்தாள். மாமியாரும் மருமகளும் ஒருவரை விட்டு ஒருவர் பிரியாமல் இருந்தார்கள். பார்க்க வருகிறவர்களுக்குச் சஹனை எடுத்துக் காட்டிக் கதை சொல்கிற வேலை மருமகளுக்கு வந்தது. அவள் மாமியாரைவிட நன்றாகச் சொன்னாள். சித்திரக்காரனுக்கு ஒரு பெயரும் வைத்து, கனவில் அவன் கேட்ட குரலையும் சேர்த்துச் சொன்னாள்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள் பகலில் மதினியும் நானும் அவளைப் பார்க்கப் போயிருந்தோம். ஊரிலிருந்து புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய ஒரு வயதான அம்மாள் அங்கே விருந்துக்கு வந்திருந்தார். மரியம் சஹனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, எங்கள் முன்னால் நின்று, கதையை முழுக்கச் சொன்னாள். அந்த அம்மாள் கேட்டு முடித்துவிட்டு, கள்ளம் கபடம் இல்லாமல் மதினி பக்கம் திரும்பினார்.

“நீங்க பீங்கான் யாவாரம் பண்ற வூட்டுக்காரவுங்களாமே. நீங்க சொல்லுங்க. இது துருக்கிதானா? கனவுல வந்த திராட்சதானா?”

மரியத்தின் முகத்தைப் பார்த்தேன். இரத்தம் வடிந்துபோயிருந்தது. கண்கள் உம்மாவின் வாயிலேயே இருந்தன. கையிலிருந்த சஹன் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

“துருக்கிதாங்க. நானே பாத்தேன்” என்றார் மதினி. “கனாச் சங்கதியெல்லாம் இந்த வூட்டுக்காரவுங்களுக்குத்தான் தெரியும்.”

மரியம் மூச்சு விட்டாள். சஹனைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு வந்து, உம்மாவுக்கு ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். சிரித்துப் பேசினாள். நாங்கள் புறப்படும்போது வாசல்வரை வந்து, உம்மாவின் தோளில் சாய்ந்து முத்தம் கொடுத்து அனுப்பினாள்.

மாடிப்படியில் பாதி இறங்கியதும் மதினி நின்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“பாத்தியா புள்ளே? எம் மவ என்னயப் பாத்துப் பயந்தா.”

நான் பார்த்திருந்தேன். நான் பார்த்தேன் என்பது அவருக்கும் தெரியும். இவரிடம் ஒரு பொய் சொல்லி யாரும் தப்பித்ததில்லை. எல்லாம் தெரிந்தும், என் வாய் தானாகச் சொல்லிற்று.

“பயமெல்லாம் இல்ல மதினி. சஹன் கனம். ரொம்ப நேரமா ஏந்திக்கிட்டே நின்னுச்சா, கை நடுங்கிருச்சு.”

அந்தச் சஹனைத் தன் இரண்டு கையாலும் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தவர் அவர். அது எவ்வளவு இலேசு என்று எனக்குச் சொன்னதே அவர்தான். மதினி என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். நான் வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

“ஆமா புள்ளே, கனந்தான்” என்றார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு மீதிப் படிகளை மெல்ல இறங்கினார்.